ஒரு அவுட்டோர், நாலு ரூம்

கில்மான்: மூணாவது தடவைக்கா. மூணு வாரத்துல மூணாவது தடவை. இந்தப் பனியில கேரிபூ டவுன்லேர்ந்து ஒன்றரை மணி நேரம் வண்டியை உருட்டிட்டு வந்திருக்கேன்.

ஜினெட்: வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதேப்பா. பூட்ஸைக் கழட்டு. அடுப்புப் பக்கமா வந்து உட்காரு.

கில்மான்: உட்கார நேரமில்ல. வெளியில ஹீட்டர் மெஷினோட அவுட்டோரைப் பார்த்துட்டுத்தான் வரேன். ஸ்டாண்டு பனிக்கு ரெண்டடி மேல நிக்குது. ஃபேன்ல ஐஸ் இல்ல. கேஸ் சரியா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியல. அப்புறம் என்னதான் வேணுமாம் அதுக்கு?

ரெனோ: அதைத்தானே நாங்க உன்கிட்டக் கேக்குறோம்.

கில்மான்: அண்ணே... வீட்டுக்குள்ள கோட்டு, தொப்பி, கையுறை...

ரெனோ: இன்னும் ஏதாவது இருந்தா அதையும் மாட்டுவேன். வெளியில மைனஸ் இருபத்தஞ்சு. மேல என் ரூம் அதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு.

ஜினெட்: அதான் இங்க விறகடுப்பு எரியுதே. இங்க உட்கார்ந்துக்கோடான்னா கேட்டாத்தானே.

ரெனோ: உட்கார்ந்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

ஜினெட்: மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு.

கில்மான்: சண்டையை அப்புறம் போடுங்க. அண்ணே, ஃபோன்ல சொன்னதை மறுபடி சொல்லுங்க. எப்ப நிக்குது?

ரெனோ: சாயங்காலம் நாலு மணிக்கு. டாண்ணு படுத்துடும். ஒன்பது மணிக்குத் தானா எழுந்துக்கும்.

கில்மான்: தானாவா?

ரெனோ: தானா. அப்புறம் விடிய விடிய நல்லா ஓடும். மறுநாள் நாலு மணிக்கு மறுபடி படுத்துடும்.

கில்மான்: ஏண்ணே, மெஷின் என்ன கவர்மென்ட் உத்தியோகமா பார்க்குது? ரெண்டு தடவையும் நான் காலையில வந்தேன், நல்லா ஓடிச்சு. அதான் இன்னைக்கு வேணும்னே நாலரைக்கு வந்தேன்.

ஜினெட்: நாலரைக்கு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல.

கில்மான்: சொன்னா என்னக்கா?

ஜினெட்: ஒண்ணுமில்ல. கோழிக் குழம்பு வச்சிருப்பேன். இப்ப வெறும் ப்ளோய்தான் இருக்கு. ஊத்தட்டுமா? மாவு கரைச்சு வச்சிருக்கேன், கல்லும் காய்ஞ்சிருக்கு.

கில்மான்: வேணாங்க்கா. எங்க முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? 'இன்னைக்கும் சரியாகலேன்னா மொத்தத்தையும் கழட்டிட்டு வந்துடு, அந்தக் கிழங்க பழைய விறகடுப்பையே கட்டிக்கிட்டு அழட்டும்'னார்.

ரெனோ: கழட்டினாலும் சரி, கழட்டாட்டியும் சரி. இன்னைக்குச் சரியாகலேன்னா சனிக்கிழமை நான் கிளம்பிடுவேன். கனெக்டிகட்ல என் மக நதாலி வரச் சொல்லிக்கிட்டே இருக்கா.

ஜினெட்: கேட்டியாப்பா? மூணு வாரமா இதே பாட்டு. மக வீடு, மக வீடு. தாராளமாப் போகட்டும், நானா கையைப் பிடிச்சு இழுக்குறேன்?

ரெனோ: நீ எங்க இழுக்கப் போறே.

கில்மான்: ஐயோ... உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த மெஷின் இவ்வளவு நாள் ஓடினதே பெரிசு. இருங்க, மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வரேன்.

ஜினெட்: போ, போ... டேய், அந்தத் தொப்பியைக் கழட்டு. எதிர்ல உட்கார்ந்திருக்கிறது கரடியா தம்பியான்னே தெரியல.

ரெனோ: கரடி இந்நேரம் தூங்கப் போயிருக்கும். அதுக்குக் கொடுத்து வச்சிருக்கு.

ஜினெட்: ப்ளோய் சாப்பிடுறியா?

ரெனோ: ரெண்டு போடு.

ஜினெட்: நாலா போடுறேன்.

கில்மான்: அக்கா, மேல சுவர்ல இருக்கிற இன்டோர்ல பச்சை லைட் விட்டு விட்டு எரியுது. ஹால்லயும் அப்படியே. இந்தச் சமையல்கட்டுலயும், இதோ பாருங்க, அப்படியே.

ரெனோ: அப்படின்னா?

கில்மான்: அப்படின்னா இந்த மூணும் நல்லாத்தான் இருக்கு. நாலாவது ஒண்ணு இதுங்களை ஓட விடாம பிடிச்சு வச்சிருக்கு. அந்தத் தையல் ரூம் சாவி எங்க?

ஜினெட்: அந்த ரூமா... அங்க எதுக்கு? அதை நான் போடுறதே இல்ல. ஒரே நூல் கண்டும் துணியுமாக் கிடக்கு, கால் வைக்க இடமில்ல.

கில்மான்: போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும்.

ஜினெட்: இன்னைக்கும் கூட்டலப்பா. முதல்ல இதைச் சாப்பிடு. ஆறிட்டா ரப்பராயிடும்.

கில்மான்: அக்கா. சாவி.

ரெனோ: பூட்டெல்லாம் இல்ல கில்மான். தள்ளினா திறக்கும்.

ஜினெட்: உன்னை யாராவது கேட்டாங்களாடா?

கில்மான்: ...ஆகா. ஆகாகா. வந்து பாருங்க ரெண்டு பேரும். ரிமோட்ல என்ன படம் தெரியுது?

ஜினெட்: கண்ணாடி போடலையே.

கில்மான்: பனித்துகள் படம்க்கா. கூலிங். ஜனவரி மாசம், மைனஸ் இருபத்தஞ்சு, நீங்க இந்த ரூமை ஏசியில போட்டிருக்கீங்க.

ரெனோ: கூலிங் போட்டா இந்த ரூம்தானே குளிரணும்? என் ரூம் என்ன பாவம் பண்ணிச்சு?

கில்மான்: அண்ணே, ரூம் நாலு, ஆனா வெளியில இருக்கிற அவுட்டோர் ஒண்ணுதான். அது ஒண்ணு சூடு பண்ணும், இல்லே குளுமை பண்ணும். ஒரே நேரத்துல ரெண்டும் பண்ணாது. ஒரே டிராக்டரை ஒருத்தன் முன்னாடி ஓட்டு, ஒருத்தன் பின்னாடி ஓட்டுன்னா அது எங்க போகும்? ஒரு ரூம் கூலிங்ல நின்னா மத்த மூணும் கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருக்கும். மாட்டின அன்னைக்கே படிச்சுப் படிச்சு சொன்னேனே.

ஜினெட்: எனக்கென்னப்பா தெரியும். வெளியில பனி கொட்டுது. ரிமோட்ல பனி படம் இருந்துச்சு. குளிர்காலத்துக்குன்னு வச்சிருக்கான்னு நினைச்சு அமுக்கினேன்.

கில்மான்: இதையும் சொல்லுவீங்கன்னு தெரியும். இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க. பனி விழுந்தா பனியை அமுக்குறது, வெயிலடிச்சா சூரியனை அமுக்குறது. டிசம்பர்ல நான் வண்டி ஓட்டினதெல்லாம் இந்த ஒரு பட்டனைத் திருப்பி விடத்தான்.

ஜினெட்: அதான் தெரிஞ்சு போச்சே. விடு.

கில்மான்: எப்படி விடுறது? அவங்கெல்லாம் ஒரு தடவை அமுக்கிட்டு மறந்துடுவாங்க. இங்க தினம் நாலுக்கு ஆன் ஆகுது, ஒன்பதுக்கு ஆஃப் ஆகுது. போடுறதே இல்லேன்னீங்களே, அப்ப யார்க்கா வந்து போடுறது?

ஜினெட்: தைக்க உட்காரும்போது போடுவேன். எழுந்திருக்கும்போது அணைப்பேன். இதென்ன, போலீஸ் ஸ்டேஷனா?

கில்மான்: ஐஸ்பெட்டியில உட்கார்ந்து தைச்சீங்களா?

ஜினெட்: என் வீடு, என் ரூம், என் ஊசி. உனக்கென்ன?

கில்மான்: சரி, எனக்கெதுக்கு வம்பு. இப்ப நாலு இன்டோரையும் ஹீட்டிங்லயே பூட்டிடுறேன். அப்புறம் யார் வந்து எதை அமுக்கினாலும் சூடுதான் வரும்.

ஜினெட்: வேணாம்ப்பா, பூட்டாதே.

கில்மான்: ஏன்?

ஜினெட்: கோடையில வேர்க்குமே.

கில்மான்: ஜூன் மாசம் வந்து நானே திறந்து விடுறேன். ...முடிஞ்சுது. கேக்குதா? ஓட ஆரம்பிச்சிடுச்சு. அரை மணியில மாடி வெதுவெதுன்னு ஆயிடும்.

ரெனோ: கெட்டிக்காரன்தான்.

கில்மான்: அண்ணே, நீங்களும் சேர்ந்து கிண்டல் பண்ணாதீங்க. மில்லுல பாய்லர் பார்த்த மனுஷன், ஒரு தடவை இந்தக் கதவைத் தள்ளிப் பார்த்திருந்தா எனக்கு மூணு டேங்க் பெட்ரோல் மிச்சம். வரேன். அந்த ப்ளோயைக் கையில கொடுங்கக்கா, வண்டியில தின்னுக்குறேன்.

ஜினெட்: வெண்ணெய் தடவித் தரேன், இரு. ...இந்தா. பார்த்துப் போ. ஆத்தோரம் வழுக்கும்.

ரெனோ: போயிட்டானா?

ஜினெட்: போயிட்டான். நீயும் எழுந்து போ. மாடி வெதுவெதுன்னு இருக்குமாமே. அதுக்குத்தானே குதிச்சே.

ரெனோ: சாப்பிட்டுப் போறேன்.

ஜினெட்: எதுக்கு? தட்டைத் தூக்கிட்டு மேல போ. நவம்பர் மாசம் இந்த மெஷின் வந்ததிலிருந்து அதானே வழக்கம். தட்டு மேல போகும், காலித் தட்டு படியில உட்கார்ந்திருக்கும்.

ரெனோ: அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு.

ஜினெட்: ஒன்பது குளிர்காலம்டா. உன் பொண்டாட்டி உன்னை விட்டுட்டுப் போயி, நீ இங்க வந்து ஒன்பது குளிர்காலம். இந்த ஒரு அடுப்புதான் வீட்டுல சூடு. வேற வழியில்லாம எதிரெதிர்ல உட்கார்ந்து, சீட்டாடி, திட்டிக்கிட்டு, சாப்பிட்டு... ரூமுக்கு ரூம் சூடு வந்துச்சு, உனக்கு அக்கா மறந்து போச்சு.

ரெனோ: அதனால நாலு மணிக்கு நிறுத்திடுவே.

ஜினெட்: ஆமாம், நிறுத்தினேன். இப்ப என்ன? தூங்குற நேரத்துக்குத் திருப்பிப் போட்டுடுவேனில்ல. உன்னை விறைக்க விட்டுடுவேனா?

ரெனோ: எனக்குத் தெரியும்.

ஜினெட்: என்ன தெரியும்?

ரெனோ: ரெண்டாவது நாளே தெரியும். நாலு மணிக்குத் தையல் ரூமுக்குப் போறே. ஊசியும் எடுக்கல, துணியும் எடுக்கல, கையை வீசிக்கிட்டு வரே. பின்னாலேயே மெஷின் நிக்குது. முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவன்க்கா நான்.

ஜினெட்: அடப்பாவி. தெரிஞ்சுமா அந்தப் பையனை மூணு தடவை அலைய விட்டே?

ரெனோ: அவனைக் கூப்பிடாம இருந்தா நான் தெரிஞ்சேதான் கீழ வந்து உட்காருறேன்னு உனக்குப் புரிஞ்சிடுமே. இவன் இன்னைக்குன்னு பார்த்து நாலரைக்கு வந்து பூட்டுப் போடுவான்னு யார் கண்டது.

ஜினெட்: கீழ உட்காரணும்னா வந்து உட்கார வேண்டியதுதானே? யார் வேணாம்னது?

ரெனோ: நீதான்.

ஜினெட்: நானா?

ரெனோ: மெஷின் மாட்டின அன்னைக்கு இதே இடத்துல நின்னு கில்மான்கிட்டச் சொன்னே. 'அப்பாடா, இனிமே அவன் சூடு அவனுக்கு, என் சமையல்கட்டு எனக்கு'ன்னு. நான் படியில நின்னுக்கிட்டிருந்தேன்.

ஜினெட்: அது... ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா. இதையா மூணு மாசமா மனசுல வச்சுக்கிட்டு இருந்தே? அறுபத்தொரு வயசாகுது உனக்கு.

ரெனோ: உனக்கு அறுபத்தாறு ஆகுது. ரிமோட்டை ஒளிச்சு வச்சு விளையாடுறே.

ஜினெட்: சரி, நான்தான் பைத்தியக்காரி. கீழ வந்து உட்காரத்தான் உனக்கும் ஆசைன்னா சனிக்கிழமை கிளம்புறேன்னு எதுக்குச் சொன்னே? அவ இவ்வளவு தூரம் கூப்பிடுறாளே, மெஷின் சரியானாலும் போகத்தானே போறே?

ரெனோ: நதாலி கூப்பிடவே இல்லக்கா. 'போகாதேடா'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்றியான்னு மூணு வாரமா பார்த்துக்கிட்டிருக்கேன்.