முடிவை முதலில் கேட்காதீர்கள்

குழந்தைகளுக்கான நிகழ்ச்சியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வைக்கவே கூடாது சார். பாதிப் பிள்ளைகள் தூங்கி வழியும், மீதிப் பிள்ளைகள் அவர்களை எழுப்பி வம்பிழுக்கும். காலையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளி விட்டு வந்ததும் வைக்க வேண்டும். இந்த நூலகத்துக்கு நான் வேலைக்கு வந்த புதிதில் இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் உட்கார்ந்திருப்பது ஐந்து வயதுக் குழந்தைகளின் நாற்காலி. முட்டி நெஞ்சில் இடிக்கிறது, பார்த்தாலே தெரிகிறது. இந்த அறையில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது, அது நான் போட்ட சட்டம். பெற்றவர்கள் வசதியாக உட்கார்ந்துவிட்டால் "கையைக் கட்டு, வாயை மூடு" என்று பிள்ளையின் உயிரை எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நின்றுகொண்டிருந்தால் கால் வலித்து வெளியே போய்விடுவார்கள்.

என் மேஜை இழுப்பறையில் கிடைத்த இந்தப் பக்கங்களைப் பற்றிக் கேட்டீர்கள். நேற்றிலிருந்து இந்தக் கட்டடத்தைத் தலைகீழாகப் புரட்டிய போலீஸ்காரர்களில் ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். ஆமாம், நான்தான் எடுத்தேன். கிழித்தேன் என்று சொல்லாதீர்கள், எனக்கு என்னவோ போல இருக்கிறது. பிளேடால், தையலை ஒட்டி, பக்கத்துத் தாளுக்கு ஒரு கீறல் இல்லாமல் எடுத்தேன். காணாமல் போன பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்றால், உண்டு. சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். "பொண்ணு எங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்று இரண்டாம் தடவை கேட்கிறீர்கள். அவளும் இப்படித்தான். முடிவை முதலில் கேட்கிற பழக்கத்தால்தான் இவ்வளவும்.

நான் வந்தபோது சிறுவர் பகுதி என்பது படிக்கட்டுக்கு அடியில் கிடந்த ஓர் இரும்பு அலமாரி. அதை இந்த அறையாக ஆக்கியது நான். பழைய காலுறைகளில் பொம்மை செய்து ஆட்டினேன். வரைபடம் கொடுத்துப் புதையல் தேட வைத்தேன். ஒரு தடவை மாயாஜாலக்காரர் ஒருவரை வரவழைத்தேன், அவருடைய முயல் ஒரு படப்புத்தகத்தின் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பிடித்ததே அது ஒன்றுதான். வளர்ந்த பிள்ளைகள் வேறு ரகம். வா என்று கூப்பிட்டால் வரவே மாட்டார்கள். "இது உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த நாள் வாசல் திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள்.

எனக்குத் தலை நரைத்த பிறகும் அவர்கள் எல்லாருக்கும் நான் கதை அக்காதான். அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். அண்ணி கேலி செய்வாள், "ஒரு பிள்ளையும் பெறாம ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் சொந்தம் கொண்டாடுறியே" என்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெருமைதான்.

ஒரு நிகழ்ச்சி நன்றாக நடந்ததா என்று எப்படித் தெரியும், சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று மேலிடத்தில் கேட்பார்கள். அது ஒன்றும் இல்லை. பிஸ்கெட் கொடுத்தால் எத்தனை பேரும் வருவார்கள். கைதட்டலும் ஒன்றும் இல்லை. அமைதிதான் அளவு. கதை ஆரம்பித்ததும் பிள்ளைகள் நெளிவார்கள். ஒருவனுக்குத் தண்ணீர் வேண்டும், ஒருத்திக்கு வெளியே போக வேண்டும், ஒருவன் சும்மாவாவது நாற்காலியைத் தட்டிக்கொண்டிருப்பான். அப்போது இரக்கப்பட்டு ஒரு பிள்ளையை வெளியே விட்டால் போச்சு, எல்லாம் எழுந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தட்டுகிறவனும் தட்டுவதை நிறுத்துவான். பிறகு ஒரு அமைதி வரும் பாருங்கள், அதுதான் என் சம்பளம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அந்தப் பெண்ணை அவளுடைய அப்பாதான் கூட்டிவந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர். பேருந்து ஓட்டுகிறவர், அம்மாவுக்கு ஷிப்ட் வேலை. பள்ளி விட்டதும் பெண் தனியாக வீட்டில் இருக்க வேண்டாம் என்று இங்கே விட்டார். "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பார்த்துக்கொண்டேன். பதின்மூன்று வயது, கண்ணாடி, முழங்கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். அதனால் நான்தான் அவளுக்குக் கடைசிப்பக்கம் என்று பட்டப்பெயர் வைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டையில் குத்தும் அட்டையில் அதையே எழுதிக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் சின்னப் பிள்ளைகளுக்கு நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். என் கதைகளிலேயே சிறந்தது அது. கிணற்றுக்குள் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாத இடம், அறை அப்படியே உறைந்து போயிருந்தது. பின்னாலிருந்து அவள் சாவகாசமாகச் சொன்னாள், "உள்ள இருக்கிறது அவனோட தம்பிதான்."

நான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் முடிந்திருக்கும். பிள்ளைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அவள் எழுந்து முன்னால் வந்து, "தம்பி எப்படி உள்ள போனான், நீங்க சொல்லுங்க பாப்போம்" என்றாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். சின்னது ஒன்று அழுதுகொண்டே ஒரு வழி சொன்னது, அது என் கதையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. முடிவிலிருந்து பின்னோக்கிப் போகும் கதை. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன், நல்ல யோசனை. ஆனால் அந்த அறையில் அன்று அமைதி இல்லை சார். சந்தைக்கடையாக இருந்தது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் அவளைத்தான் தேடின. எனக்குப் பொறாமை என்று இங்கே யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சிரிப்பாக இருக்கிறது. என் வயதென்ன, அவள் வயதென்ன.

புதிதாக வந்த தலைமை நூலகர் சின்ன வயதுக்காரர், நல்ல தம்பி. போன மாதம் என்னைக் கூப்பிட்டு, விடுமுறை நிகழ்ச்சிகளை இந்த வருடம் வளர்ந்த பிள்ளைகளே திட்டமிடட்டும் என்றார். பிள்ளைகளுக்கு வேண்டியது பிள்ளைகளுக்குத்தான் தெரியுமாம். அவள்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி. "நீங்க எவ்வளவு வருஷமா ஓடுறீங்க, கொஞ்சம் உட்காருங்க அக்கா. நாற்காலி போடுறது, ஜூஸ் கொடுக்கிறது மட்டும் பாத்துக்கிட்டா போதும்" என்றார். சரி என்றேன். என்ன சொல்ல முடியும். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன், அண்ணி மாடி ஏறிவந்து கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னேன். வலித்தது தலை இல்லை.

ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. அதைத் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். மற்ற பிள்ளைகளை வழிநடத்தப் போகிற பெண், ஒரு புத்தகத்தைக்கூட ஆரம்பத்திலிருந்து படித்ததில்லை. ஒரே ஒரு புத்தகத்துக்குள் முழுதாகப் போய்விட்டு வந்தால், அமைதி என்றால் என்ன என்று அவளுக்கே தெரிந்துவிடும். பிறகு அவளும் என்னைப் போலவே கதை சொல்வாள். அதற்காக அவள் ஒருத்திக்கு மட்டும் ஒரு நிகழ்ச்சி திட்டமிட்டேன். இத்தனை வருடத்தில் நான் திட்டமிட்டதிலேயே நேர்த்தியானது.

புதையல் தேடும் விளையாட்டுதான். நேற்றுக் காலை அவளிடம் போய், "உனக்காக ஒண்ணு வச்சிருக்கேன், ஆனா உனக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்றேன். கண் எப்படி மின்னியது தெரியுமா. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. ஒரு புத்தகத்துக்குள் துப்பு, அது காட்டும் அலமாரியில் இன்னொன்று. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் கடைசித் துப்புக்கு வந்துவிட்டாள். நான் நினைத்ததைவிட வேகம். புதையல் இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி, பேட்டரி விளக்கு, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு புத்தகம். அவள் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினாள். கடைசிப் பக்கங்கள் இல்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அக்கா, நீங்க ரொம்ப மோசம்" என்றாள். முதலிலிருந்து படி, முடித்ததும் இவற்றைக் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அந்தத் தாழ்ப்பாள் விழுந்தபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

எங்கே என்று கேட்டு மேஜையைத் தட்டாதீர்கள். வந்துவிட்டேன், கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

கதவில் காதை வைத்துக் கேட்டேன். முதலில் சிரிப்பு. பிறகு என்னைக் கூப்பிட்டாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், ஆரம்ப நெளிவு. இரக்கப்பட்டால் எல்லாம் பாழாகிவிடும் என்று மேலே வந்துவிட்டேன். சாயங்காலம் அவளுடைய அப்பா வந்து தேடியபோது நானும் கூடத் தேடினேன். அவர் மேஜைக்கு அடியிலெல்லாம் குனிந்து "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தது நான்தான். வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை போய்க் கேட்டேன். இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் மெதுவாக. அடங்கி வருகிறாள் என்று புரிந்தது.

இன்று காலை அவள் நடத்த வேண்டிய முதல் நிகழ்ச்சி. நீங்கள் எல்லாரும் உள்ளே தேடிக்கொண்டிருந்தீர்கள், விஷயம் தெரியாமல் சின்னப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றன. பயந்துவிடக் கூடாதே என்று படிக்கட்டிலேயே உட்காரவைத்து நான் கதை சொன்னேன். அதே கிணற்றுக் கதை. யாரும் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லவில்லை. அவ்வளவு அமைதி. அழுகை வந்துவிட்டது எனக்கு.

சரி, சொல்கிறேன். கீழ்த்தளத்தில், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. மண்டையோடு போட்டு அபாயம் என்று பலகை மாட்டியிருக்கும். உங்கள் காவலர் நேற்று அதுவரை வந்து, பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார். பூச்சி அரித்த புத்தகங்களை அடுக்கி மருந்துப் புகை போடுவதற்காகக் கட்டிய அறை அது. அறை என்ன, இரண்டு அலமாரி அளவுதான். பல வருடமாக யாரும் பயன்படுத்துவதில்லை. நான் மருந்து எதுவும் போடவில்லை சார், நான் அப்படிப்பட்டவள் இல்லை. துடைத்துச் சுத்தம் செய்துதான் நாற்காலி போட்டேன். புகை கசியாமல் இருக்கக் கதவைச் சுற்றி ரப்பர் வைத்திருக்கிறார்கள், இன்னும் கெட்டியாக இருக்கிறது. உள்ளே இருக்கிற காற்று வெளியே வராது, வெளியே இருக்கிற காற்று உள்ளே போகாது. கட்டடத்திலேயே சத்தமில்லாத இடம் அதுதான். படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

எழுந்துவிட்டீர்கள். உங்கள் ஆட்கள் ஓடுகிறார்கள், அவளுடைய அப்பாவும் ஓடுகிறார். ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். கதவை இடிக்க வேண்டாம், வெளியே தாழ்ப்பாள்தான், மெல்லத் திறந்தால் போதும். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்கூடக் கீழே போய் வெகுநேரம் காதை வைத்துக் கேட்டேன். தட்டல் இல்லை, கூப்பிடல் இல்லை, நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. இவ்வளவு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் நான் கேட்காத அமைதி. புத்தகத்துக்குள் போய்விட்டாள் சார்.

இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போங்கள். போனதும் கொடுத்துவிடாதீர்கள், அவளாகத் தலை நிமிரும் வரைக்கும் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள்.