வலது பக்கத்து நாற்காலி

பேய் என்று உலகில் எதுவும் கிடையாது, இருப்பதெல்லாம் ரத்தக்குழாய் மட்டுமே. மனித குலத்தில் இந்த உண்மையை முதன்முதலாகக் கண்டறிந்தவன் எங்கள் நண்பன் நகுலன். கண்டறிந்த நேரம் மாலை ஏழே கால். இடம், குருபோங் ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்தின் நடுவே போகும் சாலை. முன்னால் வண்டி இல்லை… பின்னால் வண்டி இல்லை… விளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்கு எரியவில்லை. பொழுது இருட்டும் மக்ரிப் தொழுகை நேரத்தில் அந்த வழியாகப் போகாதே என்று அவன் அம்மா சொல்லியிருந்தார். அவன் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிப்பவன். ஆகவே போனான்.

கிளேபாங் கடையில் மழைக்கு ஒதுங்கி, ஒரே மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருக்கும் நம்மில் இன்று அவன் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லலாம். அவனே சொன்னதுதான். ஆனால் மிகவும் மெதுவான குரலில் சொன்னான்.

அந்தச் சாலையின் முடிவில் நகுலனின் பெரியப்பா வீடு. பெரியப்பா பெயர் குலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நில அளவை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் மனைவி நிரஞ்சனி காலமான பிறகு, பாலர் பள்ளி ஆசிரியை அனுசியாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மேளம் இல்லை, ஐயர் இல்லை. கையெழுத்துப் போட்டார்கள், கோப்பி குடித்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மணவறையில் குலத்தின் வலது கை பிடித்த கை ஒன்றே ஒன்றுதான். அது அனுசியாவின் கை அல்ல.

உறவினர் பிள்ளைகளுக்கு நிரஞ்சனி 'பெரியம்மா'. அனுசியா 'ஆன்ட்டி'. நகுலனுக்கும் ஆன்ட்டிதான்.

கூடத்தில் நிரஞ்சனியின் படம் மாட்டியிருந்தது. அதைத் துடைப்பதும் பூ மாற்றுவதும் அனுசியாவின் வேலை. "செத்தவங்களுக்கு நரைக்கறதில்ல, தொந்தி போடறதில்ல. நான் எப்படி லா போட்டி போடறது?" என்று துடைத்துக்கொண்டே கேட்பார்.

ஒரு காலையில் குலத்துக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை போனது. பேச்சும் போனது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் 'அங்கின் அஹ்மார்' என்றார். சிவப்புக் காற்று என்று பொருள். நகுலன் அவரைத் திருத்தினான்: காற்று அல்ல, ரத்தக்கட்டி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் அனுசியாவுக்குப் பாடம் நடந்தது. மைலோ ஐஸ் டம்ளர் மேசையில் விட்டுப்போன ஈர வட்டத்தைக் காட்டினான் நகுலன்.

"இதான் மூளைக்கு அடியில இருக்கற ரவுண்டபவுட், ஆன்ட்டி. கழுத்து வழியா நாலு குழாய் ஏறி வந்து இங்கதான் ஒன்னா சேருது. ஒரு வழி அடைச்சாலும் இன்னொரு வழியா ரத்தம் சுத்தி வந்துடும். பெரியப்பாவுக்கு ரவுண்டபவுட்டத் தாண்டி, இடது பக்கத்து நடு ரோட்ல அடைச்சிருச்சு. பேச்சு, வலது கை, ரெண்டுக்கும் ரத்தம் போறது அந்த ரோட்லதான்."

"அப்புறம் எப்படிப் பொழைச்சாரு?"

"ஜாலான் தீக்குஸ் இருக்குல்ல, எலிச் சந்து? ஜேம்ல மோட்டார்காரன் பூந்து போவானே, அந்த மாதிரி சின்னச் சின்னக் குழாய். பக்கத்து ரோட்லேர்ந்து கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. அதனால செத்த இடம் சின்னது. பக்கத்துல உள்ள இடம் அதோட வேலைய மெதுவாக் கத்துக்கும்."

"செத்த இடம் எங்க போகும்?"

"எங்கயும் போகாது, ஆன்ட்டி. வடுவா அங்கயேதான் இருக்கும்."

அனுசியா படத்தைப் பார்த்தார். "அதானே," என்றார்.

"டேய், பேய் எங்கடா? பயாலஜி கிளாஸ் மாதிரி இருக்கு," என்று இங்கே கடை மேசையில் கோகுலராஜ் கேட்கிறான்.

"வருது லா. ஜாலான் தீக்குஸ்ல வருது," என்கிறேன்.

நகுலன் ஒரு விதி போட்டான். அனுசியா எப்போதும் குலத்தின் வலது பக்கம்தான் உட்கார வேண்டும், அந்தக் கையைத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இருந்தால்தான் மூளை அந்தப் பக்கத்தை மறக்காது. அனுசியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

குலத்தின் வலது கை முட்டியாக இறுகிக் கிடந்தது. தினமும் வெந்நீரில் துணியை நனைத்து, விரல் விரலாக நீவிப் பிரித்து, உள்ளங்கையைத் துடைப்பார். புளித்த மோர் வாடை வரும். துடைத்து முடித்துத் தன் கையை உள்ளே வைப்பதற்குள்… மூடிக்கொள்ளும். வாரக்கணக்காக இப்படியே.

ஒரு நாள் நகுலன் போனபோது வலது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அனுசியா இடது பக்கம் நின்றபடி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆன்ட்டி இந்தப் பக்கம் வந்துட்டீங்க?"

"அங்க ஆள் இருக்கு." பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"டிக்கெட் எடுத்தாச்சா?"

அனுசியா சிரிக்கவில்லை. "மத்தியானம் அவர் தூங்கறப்ப அந்தக் கை திறக்குது, நகுலா. தானா. யாரோ நீட்டுன கைய வாங்கற மாதிரி. நான் போய்த் தொட்டா மூடிக்குது. உள்ள ஓடிகோலோன் சென்ட் வாசம். நான் அத வாங்கறதே இல்ல. உங்க பெரியம்மாதான் கர்ச்சீப்புல போடுவாங்களாம்."

"தூக்கத்துல தசை தளரும், கை திறக்கும். நீங்க தொட்டா முழிப்பு வரும், இறுகிடும். வாசம் வர்றது உங்க பொறாமையிலேர்ந்து."

"பொறாமைதான். இல்லன்னு சொன்னேனா? மூணு வேள ஊட்டறது நான், கழுவி விடறது நான். கை மட்டும் அவங்களுக்கா?"

அன்று வீடு திரும்பும் வழியில்தான், செம்பனைச் சாலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நகுலன் எங்கள் குரூப்புக்கு அந்த வாய்ஸ் மெசேஜை அனுப்பினான். ரத்தக்குழாய்த் தத்துவம் முழுவதும் அதில் இருந்தது. கடைசியில் ஒரு சிரிப்பு. "பேய்க்கு நாக்காலி போட்டு வெக்கறாங்க லா, இந்தக் காலத்துல." பின்னணியில் தவளைச் சத்தம் கேட்டது. நாங்களும் சிரித்தோம்.

அடுத்த முறை போனான். அதே மக்ரிப் நேரம். தூரத்துச் சூராவ் தொழுகைக்கூடத்தில் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக, "ஆன்ட்டி, நாக்காலியில உட்காருங்க," என்றான்.

அனுசியா முதலில் நுனியில் உட்கார்ந்தார். பிறகு நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தன் வலது கையைக் குலத்தின் இறுகிய கை முட்டிக்கு அருகில் வைத்தார். குலம் விழித்துத்தான் இருந்தார்.

சுண்டு விரல் பிரிந்தது. அடுத்தது… அதற்கடுத்தது… ஒவ்வொரு கணுவும் சொடக்கு விடும் சத்தம். கட்டை விரல் கடைசியாக விலகியபோது வாசம் வந்தது. சில்லென்ற, எலுமிச்சை கலந்த ஓடிகோலோன் வாசம்.

"சோப்பு மாத்திட்டீங்களா?" என்றான் நகுலன்.

கை, அனுசியாவின் கையைப் பிடித்தது. இறுக்கி. "பார்த்தியா," என்றார் அனுசியா. "என்னைத்தான்." முகம் முழுக்கச் சிரிப்பு. நகுலன் வீடியோ எடுக்கப் போனை வெளியே எடுத்தான்.

குலத்தின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையில் கரகரவென்று ஏதோ உருண்டது.

"எ… எழும்பு."

பேச்சு. இத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. "இன்னொரு தடவ சொல்லுங்க, பெரியப்பா," என்றான் நகுலன்.

குலம் அவனைப் பார்க்கவில்லை. அனுசியாவையும் பார்க்கவில்லை. அவர் பார்வை அனுசியாவின் தோளுக்குப் பின்னால், சற்று மேலே, ஒரு பெண் நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் இருந்தது.

"எழும்பு… அவ நிக்கிறா."

கூரைக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

அனுசியா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கையையும் எடுத்து, கணவரின் கைமேல் பொத்தி வைத்தார்.

"நிக்கட்டும்," என்றார்.

க்ரீச்… நாற்காலி ஒரு விரல் அளவு பின்னால் போனது. அனுசியாவின் கால்கள் தரையில் ஊன்றியபடியே இருந்தன. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். க்ரீச்… மறுபடி பின்னால். மறுபடி இழுத்தார். பிடித்த கையை விடவில்லை. வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நகுலன் நான்கு குழாய்களையும் நினைத்துப் பார்த்தான். ரவுண்டபவுட்டை ஒரு சுற்று சுற்றினான். எல்லா ஜாலான் தீக்குஸிலும் புகுந்து வந்தான். எந்தக் குழாயும் நாற்காலியின் கால் வரைக்கும் போகவில்லை.

போனைப் பைக்குள் போட்டான். சமையலறைக்குப் போய் இன்னொரு நாற்காலியை எடுத்து வந்தான். சட்டை நுனியால் அதைத் துடைத்தான். அனுசியாவின் பக்கத்தில், இரண்டு பேரின் முழங்காலும் இடித்துக்கொள்ளாத அளவுக்கு இடம் விட்டு, சத்தமில்லாமல் வைத்தான்.