கிறிஸ்ரினா சொல்ல, கணினி எழுதியது

அவைக்கு அழகாய் வீற்றிருக்கும் தலைவர் ஆழ்வாப்பிள்ளை அவர்களே! அலையோடு மல்லாடி விடியலில் கரைசேரும் மயிலிட்டிப் பெரியோர்களே! அவர்கள் வரும்வரை அடுப்பையும் ஆண்டவரையும் பார்த்திருக்கும் அன்னையரே! முன்வரிசையில் அமர்ந்து, "சுருக்கமாக் கதையுங்கோ" என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் மனைவி கிறிஸ்ரினாவே! அனைவருக்கும் இந்த நீக்கிலாப்பிள்ளையின் அன்பு வணக்கம்!

இன்று வெளியாகும் கதைநூல் அவளுடையது. கையால் எழுதினாளா? இல்லை! கொடுங்காய்ச்சல் ஒன்று வந்து, அவள் இரு கைகளையும் முடக்கிப் போட்டது. கதை பாதியில் நின்றது. கணவன் நான் எதற்கு இருக்கிறேன்?

"நீர் சொல்லும், நான் எழுதிறன்" என்றேன்.

"கடல் அமைதியா இருந்தது" என்றாள் அவள். நான் எழுதினேன்: "நீலத்திரை நெடுங்கடல் நித்திரையில் நெகிழ்ந்து கிடந்தது!"

வாசித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கியது. என் தமிழில் உருகிவிட்டாள் என்றே எண்ணினேன்.

"கை போனது போதாதோ? என்ரை கதையும் போகவேணுமோ?" என்றாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவையோரே!

பிறகு அவள் தம்பி றஜிந்தன் ஒரு மடிக்கணினி கொண்டுவந்தான். "அக்கா, இதைத் தொடத் தேவையில்லை. நீங்கள் கதைச்சால் எழுதும். அழி எண்டால் அழிக்கும்."

அவள் "மயிலிட்டி" என்றாள். அது "மயில் இட்லி" என்று எழுதியது!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நோய் வந்தபின் எங்கள் வீட்டில் எழுந்த முதற் சிரிப்பும் அதுதான்.

"பார்த்தீரோ, நானே திறம்!" என்றேன்.

"இது பிழையாக் கேட்டு எழுதுது. நீங்கள் சரியாக் கேட்டுப் பிழையா எழுதிறியள்!" என்றாள்.

ஓம் அன்னையரே, நீங்கள் கைதட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்!

அவள் விடவில்லை. கணினி தவறியது, திருத்தினாள். மீண்டும் தவறியது, மீண்டும் திருத்தினாள். தொண்டை கட்டியது; கொத்தமல்லித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். மாதங்கள் உருண்டன. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வருகிறேன். அறைக்குள் அவள் குரல்: "முற்றுப்புள்ளி. சேமி."

என்னைக் கண்டாள். "முடிஞ்சுது. வாசியுங்கோ. ஒரு சொல்லும் மாத்தக் கூடாது."

வாசித்தேன். எங்கே மாற்றுவது? எதை மாற்றுவது? ஒவ்வொரு வரியிலும் என் கிறிஸ்ரினா நிமிர்ந்து நடந்து வந்தாள். கதிரையில் அமர்ந்து, வெட்கமின்றி அழுதேன்.

ஊரவரே, உறவினரே! மேடைதோறும் முழங்கியவன் சொல்கிறேன்: இந்த நூலில் என் சொல் ஒன்றுகூட இல்லை. என் வாழ்நாளின் பெருமை அதுதான்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, இனி அவள் பேசட்டும் என்று இந்த ஒலிவாங்கியை அவள் முன் வைத்து, வணங்கி அமர்கிறேன்.