கன்னம் வழியே வந்த பாதரசம்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: நாளை நான் மேடையேறும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அத்தையிடம். பள்ளி விழாவில் சுத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேசப்போவது இதைத்தான்.

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே! அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அவர்கள் மடியில் உறங்கும் மழலைகளே! அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

அழகு வேண்டாம் என்று யார் சொன்னார்? முகம் மலர வேண்டாமா? மலர்ந்த முகத்தை நாலு பேர் மெச்ச வேண்டாமா? வேண்டும்! ஆனால் அழகு டப்பாவில் வருகிறதே, அந்த டப்பாவுக்குள் என்ன வருகிறது என்று கேட்டோமா?

என் அத்தை முகத்தை வெளுப்பாக்கும் பூச்சு செய்து விற்கிறார். வியாபாரி தரும் வெள்ளைப் பொடியைக் களிம்போடு குழைத்துக் குழைத்தே, தாயில்லாத என்னையும் அக்காவையும் ஆளாக்கினார். தன் கன்னத்தில் பூசிப் பார்க்காமல் ஒரு டப்பாவும் விற்கமாட்டார். அந்தப் பொடியில் பாதரசம் இருக்கலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இப்போது அக்காவின் கைக்குழந்தைக்கு விரல்கள் சிவந்து தோல் உரிகிறது. வியர்த்து வியர்த்து நனைகிறது. தூக்கினாலும் அழுகை, கிடத்தினாலும் அழுகை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"வீட்ல தெர்மாமீட்டர் ஏதும் உடைஞ்சுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க."

"முகத்துக்குக் கிரீம் ஏதாவது போடுறீங்களா?"

தினமும் அதைப் பூசும் அக்கா தலை குனிந்துகொண்டாள். அத்தை முந்திக்கொண்டார். "கிரீமா? எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு இது பொறந்த நிறம் டாக்டர்! பூசி மெழுக நாங்க என்ன சுவரா?"

டாக்டரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வேறு நோய்களுக்குப் பரிசோதனை எழுதினார்.

பின்வரிசையிலும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் அம்மா, நானும் சிரித்தேன். ஆனால் எண்ணிப் பாருங்கள்! காய்ச்சலைத் தொட்டால் தெரியும். முறிந்த எலும்பைப் படம் எடுத்தால் தெரியும். பாதரசம்? தேடினால்தான் தெரியும். நாம் சொன்னால்தான் தேடுவார்கள்!

பால்புட்டியை மறந்த சாக்கில் உள்ளே ஓடி நர்ஸம்மாவிடம் கேட்டேன். "தெர்மாமீட்டர்ல இருக்குற பாதரசம் கிரீம்லயும் இருக்குமாங்க? கிரீம் பூசாத குழந்தைக்கு அது எப்படிங்க போகும்?"

"சில கிரீம்ல இருக்கும் கண்ணு. கன்னத்தோட கன்னம் வெச்சுக் கொஞ்ச மாட்டாங்களா? பூசின கையால தூக்க மாட்டாங்களா? ஒரே தலகாணியிலதானே படுக்குறாங்க?"

"சரியாகுமா?"

"சீக்கிரம் சொன்னா நல்லது. பூசுறத உடனே நிறுத்தணும். மொத்த வீட்டுக்கும் சிறுநீர்ல பாத்துடணும். பாதரசத்தப் பிடிச்சு வெளிய தள்ளுற மருந்து இருக்கு, தேவைன்னா டாக்டர் குடுப்பாரு. டப்பாவைக் குப்பையில போடாம இங்க கொண்டாரணும். ஆமா, இது யாரு வீட்ல?"

வாசலிலிருந்து அத்தை கூப்பிட்டார். ஓடிவந்துவிட்டேன்.

கொஞ்சினோம், குழந்தைக்குப் போனது. அணைத்தோம், அதற்குள் இறங்கியது. அன்பு போகும் வழியிலேயே நஞ்சும் போகுமென்றால், எந்தத் தாய்தான் தப்புவாள்?

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாயை மூடுடி. வளத்தவங்களப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கச் சொல்றியா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியோர்களே! என் அத்தை குற்றவாளியா? டீ டம்ளரைப் பிடித்தால் அவர் கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது என்கிறார். அந்தக் கையையும் டாக்டர் பார்க்க வேண்டாமா? அவரிடம் வாங்கிப் பூசிய தெரு முழுவதையும் பார்க்க வேண்டாமா? யாரையும் வைய நான் இங்கே வரவில்லை. வைவார்களோ என்ற பயத்தில்தானே ஒவ்வொரு வீடும் வாயை மூடிக்கொள்கிறது!

ஆகவே தாய்மார்களே! வெட்கம் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். எந்தப் பக்கம் நிற்பீர்கள்? டப்பாவோடு வாருங்கள்! குழந்தையோடு வாருங்கள்! கோபத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்! வாய்ப்பளித்த தலைமையாசிரியை அவர்களுக்கும், பொறுமை காத்த உங்களுக்கும் என் நன்றி கலந்த

கதவைத் தட்டுகிறார்கள்.

"ஏய், முழிச்சுட்டுத்தானே இருக்க? ஒரு டப்பாவை எடுத்துக்க. அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். குழந்தையத் தூக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரி போறோம்." அக்காவின் குரல்.

அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல். "அந்தப் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கடி. டாக்டர் பாக்கட்டும்."

அத்தை