வத்ஹா உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாள்

டங்குன்னு ஒரு சத்தம் தம்பி. பிக்கப் வண்டியோட பின்கதவத் தூக்கி அடிச்சு, சங்கிலிய இழுத்துக் கொக்கியில மாட்டுவாங்களே, அந்தச் சத்தம். அப்ப எனக்குப் பதினோரு வயசு. இருட்டோட இருட்டா இருபது பொம்பளைங்க நடுவுல, எவ இடுப்புன்னு தெரியாம ஒரு இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்தச் சத்தம் கேட்டாச்சுன்னா வெள்ளரித் தோட்டம் வர்ற வரைக்கும் எவளும் எறங்க முடியாது. கல்யாண வீடியோ எடுக்கற கெழவிக்கும் காய் பறிக்கறவளுங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கல்ல? இதான்.

ஐயோ, எந்திரிக்காதீங்க, உக்காருங்க! அது குலவை. யாரும் யாரையும் கொல்லல. உங்க ஊர்ப் பக்கம் குலவை போட மாட்டாங்களா? மலைமேல இருக்கறவங்க கொஞ்சம் அடக்கமாப் போடுவாங்களா இருக்கும். எங்க கோர் பள்ளத்தாக்குல இப்படித்தான், காது கிழியும். உள்ள திரையில ஓடற படத்துல எவளோ தன் கையப் பாத்துட்டா. மூஞ்சியெல்லாம் துணி சுத்தியிருக்கும் தம்பி, வெயிலுக்கும் பூச்சி மருந்துக்கும் பயந்து கண்ணு மட்டும்தான் தெரியும். எந்த ஆம்பளைக்கும் யாரு யாருன்னு தெரியாது. ஆனா கூட நின்னு பறிச்சவளுக்குக் கையப் பாத்தாப் போதும்.

அந்தக் காகிதத்த மடிச்சு வைங்க, வேர்வையில ஊறுது. எனக்குப் புரிஞ்சுது. தோட்ட மொதலாளி ஹாஜி புகார் குடுத்திருக்காரு. படத்த நிறுத்தணும். வத்ஹாங்கறவள ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய், இனிமே இப்படிப் பேச மாட்டேன்னு எழுதி வாங்கணும். ரெண்டு வேலை. நல்லது. எப்படி உள்ள போவீங்க?

கல்யாண மண்டபத்துக்குள்ள எரநூத்திப் பத்துப் பொம்பளைங்க இருக்காங்க. முக்காடு இல்லாம, தலையப் பின்னிப் போட்டு, கை இல்லாத கவுன் மாட்டிக்கிட்டு. உங்க இன்ஸ்பெக்டர் வீட்டம்மா செவப்பு உடுப்புல வந்திருக்காங்க. நல்லா ஆடறாங்க. போய்ப் பாத்துட்டு வந்து அவர்கிட்ட எப்படி ஆடினாங்கன்னு நீங்களே சொல்லுங்க. என்ன, உக்காந்துட்டீங்க? அதான் புத்திசாலித்தனம். காபி குடிங்க, ஏலக்கா தூக்கலாப் போட்டிருக்கேன்.

மெயின் சுவிட்சா? இருக்கே. இதோ என் முதுகுக்குப் பின்னாலதான் பெட்டி. நான் சாஞ்சுக்கிட்டு இருக்கேன். முட்டி வலி, எந்திரிக்க முடியாது. நீங்க கையப் புடிச்சுத் தூக்கி விடறீங்களா? அன்னியப் பொம்பளையோட கைய? மண்டப வாசல்ல, எல்லாரும் பாக்கையில? நான் கத்த மாட்டேன்னு சொல்ல முடியாது தம்பி. எனக்கும் குலவை போடத் தெரியும்.

யாரு இந்தப் போக்கிரித்தனத்தக் கத்துக் குடுத்தாங்கன்னா... எழுதிக்கோங்க, மறைக்க என்ன இருக்கு. அம்மான்ல ஒரு பழைய வீட்டுல பத்து நாள் வகுப்பு. படம் எடுத்து ஊர எப்படி மாத்தறதுன்னு. என் பையன் ராகான் வெளையாட்டுக்கு மனு போட்டு விட்டான், அம்மாவுக்கு முப்பது வருஷ அனுபவம்னு எழுதிட்டான். கல்யாணத்துலன்னு எழுத மறந்துட்டான். அவங்களும் கூப்பிட்டுட்டாங்க. போய்ப் பாத்தா எல்லாம் தாடி வச்ச பசங்க. சூடான்காரி ஒருத்தி, ஏமன்காரன் ஒருத்தன், துனிஸ்லேர்ந்து ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு பீரங்கி மாதிரி கேமரா. என்னப் பாத்ததும் ஏமன்காரன் எந்திரிச்சு, பெரியம்மா, டீ இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கொண்டு வாங்கன்னான். சரிப்பான்னு கொண்டு வந்து குடுத்துட்டு அவன் பக்கத்து நாற்காலியிலயே உக்காந்தேன். பாவம், டீ தொண்டையில எறங்கல அவனுக்கு.

டீச்சர் பெய்ரூத்துக்காரி, ஹனாதின்னு பேரு. சிகரெட்டக் கீழ வைக்க மாட்டா. மொத நாள், மூணு நிமிஷப் படம் எடுத்துட்டு வாங்கன்னா. நான் நாலு மணி நேரத்துக்குக் குறைஞ்சு எதையும் எடுத்ததில்ல. கஷ்டப்பட்டு வெட்டினேன். வெள்ளரிக்கா பறிக்கற பொம்பளைங்க. எனக்குத் தெரிஞ்ச அலங்காரமெல்லாம் பண்ணியிருந்தேன். காய்க் கூடை மேல ரோஜாப்பூ விழும். வண்டி திரும்பும்போது செவப்பு இதயம் ரெண்டு பறந்து போயி முட்டும். மேஸ்திரி கத்தும்போது வாணவேடிக்கை. ஹனாதி சிரிச்சா, சிரிச்சா, கண்ணுல தண்ணி வந்து மை கரைஞ்சு போச்சு. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, ராகான் அம்மா, பூவெல்லாம் எடுத்துடு, மேஸ்திரிக்கு மட்டும் வாணவேடிக்கைய விட்டு வைன்னா. உள்ள ஓடற படத்துல இன்னும் இருக்கு. இதோ சிரிக்கறாங்க பாருங்க, அந்த எடம்தான்.

அடுத்த நாள் அவ கேமராவையே தொட விடல. மூணு கேள்வி போர்டுல எழுதினா. யாரு பாக்கணும்? எங்க பாக்கணும்? பாத்துட்டு எந்திரிச்சு என்ன செய்யணும்? துனிஸ்காரன் வெளிநாட்டுத் திரைப்பட விழான்னான். ஒருத்தன் மந்திரின்னான். சூடான்காரி ஐநா சபை வரைக்கும் போயிட்டா. என் முறை வந்துச்சு. கல்யாண மண்டபம்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஹனாதி சிரிக்கல. ஏன்னு கேட்டா.

சொன்னேன். எங்க ஊர்ல காய் பறிக்கறவளுங்க எரநூறு பேரு மேஸ்திரி இல்லாம, மாமனார் இல்லாம, கொழுந்தன் எட்டிப் பாக்காம ஒரே எடத்துல உக்கார்றது கல்யாணத்துல மட்டும்தான். வாசல்ல போலீஸே வந்தாலும் உள்ள நொழைய முடியாது. பெரிய திரை இருக்கு, பொண்ணு மாப்பிள்ளையோட சின்ன வயசு போட்டோ போடறதுக்கு. போட்டோ முடிஞ்சதும் நம்ம படம். போலீஸ்னு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க.

இன்னிக்குக் கல்யாணப் பொண்ணு நுவையிர், அவளும் காய் பறிக்கறவதான். கேட்டவுடனே சரின்னா. அதுக்கு முன்ன எடுக்கறதுதான் பெரும்பாடு. ஒவ்வொருத்திகிட்டயும் மூணு தடவ கேக்கணும்னு ஹனாதி கட்டளை. மூஞ்சி காட்டட்டுமா, பேரு சொல்லட்டுமா, நாளைக்கு வேலை போனா என்ன பண்ணுவ? எல்லாரும் கை மட்டும்னாங்க. வத்ஹா மட்டும் மூஞ்சித் துணிய அவுத்தா, பேரையும் சொன்னா. ஒழுங்கா எடு, என் வலது பக்கம்தான் நல்லாருக்கும்னா. எனக்கு நாலு புள்ளைங்க, சந்தையில ஆட்டைக்கூட கயிறு கட்டித்தான் வண்டியில ஏத்தறான், எங்களுக்கு அந்தக் கயிறும் இல்லன்னா. அந்த ஒரு நிமிஷம்தான் எல்லார் போனுக்கும் போயி, ஹாஜி போனுக்கும் போயி, நீங்க இங்க காபி குடிச்சுக்கிட்டு இருக்கீங்க.

உள்ளதான் இருக்காளான்னா? அதோ கேக்குதே குரல், கொஞ்சம் கரகரன்னு. அவதான். பேசிட்டு இருக்கா. பாதியில எப்படிக் கூப்பிடறது? முடியட்டும்.

திரும்ப போன் போடறீங்களா? எத்தனாவது தடவ தம்பி? பெண் போலீஸ் வந்தா உள்ள போகலாம்னு. ஹியாம்தானே, இந்தப் பக்கத்துக்கே அவ ஒருத்திதானே. போடுங்க, போடுங்க. மணி கேக்குதா? ஆமா, என் பக்கத்துல இருக்கற இந்தப் பையிலேர்ந்துதான் வருது. பொம்பளைங்க மண்டபத்துல போட்டோ எடுத்துடக் கூடாதுன்னு வாசல்லயே எல்லார் போனையும் வாங்கி வச்சுடுவோம். பாருங்க, நூத்துக்கும் மேல கெடக்கு, எது எவளுதுன்னு எனக்கே தெரியாது. ஹியாம் இன்னிக்கு லீவு. நுவையிரோட சித்தி மக. மொத வரிசையில உக்காந்திருக்கா, மூக்கச் சிந்திக்கிட்டு. அவ அம்மாவும் அந்த வண்டியில நின்னுக்கிட்டுப் போனவதான்.

சிரிக்கறீங்க. சிரிச்சா நல்லாத்தான் இருக்கீங்க. கல்யாணம் ஆச்சா?

கை தட்டறாங்க. முடிஞ்சுது. இருபத்திரெண்டு நிமிஷம், ஒரு இதயம் கூட இல்லாம. இப்ப உள்ள ஒரு காகிதம் சுத்தும். சனிக்கிழமை காலையிலேர்ந்து சீட்டு வச்ச பஸ் வந்தா ஏறுவோம், பிக்கப்ல ஏற மாட்டோம்னு. எழுதத் தெரியாதவங்களுக்கு லிப்ஸ்டிக் குடுத்திருக்கோம், கட்டை விரல்ல தேச்சு வைக்கறதுக்கு. சட்ட விரோதம்னா சொல்லுங்க, மை புட்டி வாங்கிட்டு வரேன். நூத்தி அம்பது விரல் விழுந்தாப் போதும். ஹாஜியோட மூணு தோட்டத்துலயும் அன்னிக்குக் காய் கொடியிலயே முத்தும். ஹாஜி இறங்கி வந்துதான் ஆகணும்.

வத்ஹாவ வெளிய அனுப்பணுமா. அது முடியாது தம்பி. இல்ல, வம்பு பண்ணல. இந்த சுவிட்சுலேர்ந்து நகர்ந்து உக்கார்றேன், பாருங்க, முட்டி வலியெல்லாம் இல்ல. உங்களுக்கு வேணுங்கறத இப்ப சொல்றேன். மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க அவளுக்காகக் காத்திருக்காம ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருப்பீங்க, ஹாஜி ஆளுங்க வந்து கரண்ட்ட நிறுத்தியிருப்பாங்க.

காகிதத்துல ஹாஜி கையெழுத்து வச்ச தேதியப் பாருங்க. முந்தாநாள். அவரு தோட்டத்துக்கு, அவரு வண்டியிலதான் அவ போனா. காலையில இருபது பேருன்னு மேஸ்திரி சொல்லுவான், அவரு தலையாட்டுவாரு. மறுநாள் வேற ஒருத்திய ஏத்தி இருபது பேருன்னு சொல்லியிருப்பான். அவரும் தலையாட்டியிருப்பாரு. பேரு அவருக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு நிமிஷப் படத்தப் பாத்துத்தான்.

நீங்க கேட்டது திரையிலேர்ந்து வந்த குரல். எழுதிக்கோங்க, காகிதத்துக்குப் பின்னாடியே எடம் இருக்கு. வத்ஹா, முப்பத்தி நாலு வயசு. போன மாசம் ஒம்பதாம் தேதி, கால்வாய்த் திருப்பத்துல, வண்டியிலேர்ந்து விழுந்து செத்துப் போனா.