வெங்காயத் தறையின் வரம்பு

நீங்கள் கதவடியில் இருந்து இந்தக் கதிரையில் உட்கார வரும்போது வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தீர்கள். செருப்பு புதிது போலிருக்கிறது, கடிக்கும். குறை நினைக்க வேண்டாம். ஆளைக் கண்டால் எனக்கு முதலில் கண் போவது காலுக்குத்தான்.

மேலிடத்தில் இருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன். இயக்கத்தில் என் வேலை குறி பார்க்கப் பழக்குவது அல்ல. அதை ஆரும் பழக்கலாம். ஒரு மறைவில் இருந்து அடுத்த மறைவுக்கு ஓடும்போதுதான் பெடியள் சாகிறார்கள். அந்த ஓட்டத்தைத்தான் நான் பழக்கினேன். குருநகரில் வள்ளத்தில் வளர்ந்தவன் நான். ஆடுகிற பலகையில் காலைத் தூக்கினால் கடலுக்குள்தான். முழங்காலை மடித்து, பாதத்தைத் தூக்காமல் அரக்கி அரக்கிப் போகவேண்டும். அப்போதுதான் துவக்கு ஆடாது.

சொல்லி விளங்காதவர்களுக்குக் குதிகாலுக்குப் பின்னால் நிலத்தில் சுடுவேன். பிலிப்பு ஒருநாள் சுணங்கிவிட்டான், சன்னம் குதியில் பட்டது. இப்போது முகாமில் நன்றாகச் சமைக்கிறான். அதற்குப் பிறகு ஒருவரும் சுணங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பஞ்சலிங்கம் எண்பத்தைந்தில் வந்தான். பண்டத்தரிப்புக்காரன், தோட்டக்காரரின் மகன். என் வயதுதான், ஆனாலும் அண்ணை என்றுதான் கூப்பிடுவான். சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டான். சித்திரையில் இயக்கத்தின் இரண்டு முகாம்களுக்கும் போட்டி வைத்தார்கள். பள்ளிக்கூட வெளியில் மண்மூட்டை அடுக்கி, ஒன்றில் இருந்து ஒன்றுக்கு ஓடி ஓடித் தகரப் பேணிகளைச் சுடவேண்டும். நானும் ஓடினேன். அவன் வென்றான். பொறுப்பாளர் செபநாயகம் அண்ணை என் முதுகில் தட்டினார். "சிமியோன், இனி உவனே பழக்கட்டும். நீ களஞ்சியத்தைப் பார்."

எனக்குக் கோபம் இல்லை. நெஞ்சு எரிந்தது, அவ்வளவுதான்.

அவனிடம் ஒரு பிழை இருந்தது. பயிரை மிதிக்கமாட்டான். தோட்டங்களுக்குள் ஓடும்போது பாத்தி வந்தால் அவன் கால் தானாக வரம்பில் ஏறிவிடும். "டேய், கோட்டை முகாமுக்குள்ளை இருந்து ஆமி வெளிக்கிட்டா வரம்புக்கு நேராத்தான் துவக்கை வைப்பான்," என்றேன்.

சிரித்தான். "தெரியும் அண்ணை. ஆனா பயிரிலை கால் வைக்க ஏலாமக் கிடக்கு. வைச்சனெண்டா ஐயா வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டார்."

பழக்குகிறவன் இதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

பொறுப்பைக் கையளிக்க முன்னம் ஒரு பயிற்சி கேட்டு வாங்கினேன். இடம் மருதனார்மடத்துக்குக் கிட்ட, ஏரம்பு என்பவரின் வெங்காயத் தறை. பம்ப் அறைச் சுவரில் இருந்து வேலியடி வரைக்கும் பாத்திகளுக்கு மேலால் ஓடவேண்டும். நான் கிணற்றடியில் துவக்கோடு நிற்பேன். வரம்பில் ஏறுகிறவனைச் சுடுவேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். வழக்கம்போல நிலத்தில் சுடுவேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நான் சொல்லவில்லை.

மற்றவர்கள் வெங்காயத் தாள் நொறுங்க ஓடி முடித்தார்கள். பஞ்சலிங்கம் கடைசி. முதல் பாத்தியில் ஒரு கால் வைத்தான். மற்றக் கால் வரம்புக்குப் போனது. அழகான ஓட்டம், துவக்கு துளியும் ஆடவில்லை. முழங்காலில் சுட்டேன். எலும்புச் சில்லு சிதறியது. விழுந்தவன் பாத்திக்குள் உருண்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். உருளச் சொல்லிக் கத்தவும் செய்தேன். அவன் வரம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இது நான், பஞ்சலிங்கம்," என்றான். நான் ஆள் மாறிச் சுட்டுவிட்டதாக நினைத்தான். அடுத்ததைக் கழுத்தில் சுட்டேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இரத்தம் கடைசிப் பாத்தி வரைக்கும் போனது.

அவனைக் கொன்றது அவன் கால்தான் என்று பெடியளுக்குச் சொன்னேன். இனி அவர்களில் ஒருவனும் வரம்பில் ஏறமாட்டான். பஞ்சலிங்கத்தால் எத்தனை உயிர் தப்பப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வெடிச் சத்தம் கேட்டு ஏரம்பு ஓடிவந்தார். மிதிபட்ட வெங்காயத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. தோளில் கிடந்த சால்வையால் பஞ்சலிங்கத்தின் முகத்தை மூடிவிட்டு என்னைக் கேட்டார். "தம்பி, பக்கத்துத் தறை வெங்காயம் கிண்டி முடிஞ்சு வெறுமனைதானே கிடக்குது. அதுக்குள்ளை ஓட விட்டிருக்கலாமே?"

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். முதல்நாள் பின்னேரம் இரண்டு தறைகளையும் நடந்து பார்த்துத்தான் வந்தேன். வெறும் தறையில் மிதிபடப் பயிர் இல்லை. அங்கே ஓட விட்டிருந்தால் அவன் மறுபடியும் வென்றிருப்பான்.