வசந்தம் வரும்வரை தண்ணீர் இல்லை

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. கொஞ்சம் ஆறிவிட்டது, பரவாயில்லை. என் வயதில் சூடு ஒத்துக்கொள்வதில்லை.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

அந்த ஆர்க்கிட்டின் பெயர் பனிவிளிம்பு. ஒரு சாண்கூட உயரம் இல்லை. இலையோரத்தில் வெள்ளைக் கோடு. என் வீட்டுக்காரர் ஷிகேநோபு நாற்பது வருஷத்துக்கு மேல் வளர்த்தது. அதன் எதிரே உட்கார்ந்தால் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொள்வார், மூச்சு படக்கூடாதென்று. என் முகத்துக்கு நேரே இருமும்போது அந்தக் காகிதத்தை நான் பார்த்ததில்லை.

போன அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வாயில் மிஞ்சியிருந்தது ஒரே சொல், தண்ணி. எங்கள் மகள் மசாயோ கோபேயிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்தாள். பிரியமான பெண். அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டுமென்று ஹீட்டர் ஓரமாகத் தொட்டியை வைத்தாள். அவருக்கு ஒரு வாய், அதற்கு ஒரு வாய் என்று தினமும் தண்ணீர் விட்டாள். அவர் கொஞ்சம் தேறினார். செடி அழுகியது. கீழ் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தன.

அவள் ஊருக்குப் போன மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். மண்ணுக்குப் பதிலாக வேரைச் சுற்றிவைக்கும் பழைய பாசியைப் பிரித்தேன். வேரெல்லாம் பழுப்பு, நசுக்கினால் நீர் கசிந்தது. கத்தரியை நெருப்பில் காட்டி, அழுகியதை வெட்டி எறிந்தேன். இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, புதுப் பாசியைக் கூடு மாதிரி மேடுகட்டி, அதன்மேல் உட்காரவைத்தேன். இடம், தாழ்வாரத்தின் கிழக்கு மூலை. காலை வெயில் உண்டு, காற்று உண்டு. ஹீட்டர் இல்லை, தண்ணீரும் இல்லை. குளிர்காலத்தில் இந்தச் செடி தூங்கும். இலை சுருங்கும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். நல்ல வெயில் அடிக்கும் முற்பகலில் கொஞ்சம் தெளித்தால் போதும். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளில்தான் தாராளமாக விட வேண்டும்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டீர்கள். அவர்தான்.

கல்யாணமான முதல் குளிர்காலம். அவர் வெளியூர் போயிருந்தார். இலைகள் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் பத்துத் தொட்டிக்கும் தண்ணீர் விட்டேன். பனிவிளிம்பு ஒன்றுதான் தப்பியது. அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. செத்த ஒன்பதையும் வரிசையாக வைத்து, வசந்தம் வரும்வரை தினமும் ஒரு மணி நேரம் அவற்றின் எதிரே மண்டியிட்டு உட்காரச் சொன்னார். அப்புறம் வந்தவர் போனவருக்கெல்லாம் என் பெயர் தண்ணிக்காரி.

"தண்ணிக்காரி வர்றா, தொட்டியெல்லாம் மறைச்சு வைங்கப்பா. இவ எரக்கப்பட்டான்னா தோட்டமே காலி."

அவர் சொல்லிச் சிரிப்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன். நாற்பத்து மூன்று வருஷம் சிரித்தேன்.

டிசம்பரில் அவரையும் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். ஹீட்டர் அறையில் படுத்துப் படுத்து அவர் முதுகில் புண் வந்திருந்தது, ஈரமாக. இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்று எனக்குப் பட்டது. வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த நர்ஸை, மகள் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லி நிறுத்தினேன். பத்துக் கரண்டித் தண்ணீரை ஐந்தாக்கினேன். கஞ்சியைக் கெட்டியாக்கினேன். ஐந்து கரண்டி இரண்டானது. பிப்ரவரி முடியும்போது, வெயில் அடித்தால் முற்பகலில் ஒரு கரண்டி. மேகம் போட்டால் அதுவும் இல்லை.

"தண்ணி" என்பார்.

"வசந்தம் வரட்டுங்க. இப்ப குடுத்தா அழுகிப்போயிடும். நீங்கதானே சொன்னீங்க."

அவர் கண் செடிப்பக்கம் போகும். என் கண்ணும் போகும். மார்ச் பிறந்ததும் அது பச்சையாக ஒரு வேர்முனையை நீட்டியது. தொட்டியைத் தூக்கி அவர் முகத்தருகே காட்டினேன். "பாத்தீங்களா, பொழைச்சுக்கிச்சு. உங்களுக்கும் அப்படித்தான்." அவர் அழுதார். முகம்தான் அழுதது, கண்ணில் ஒன்றும் வரவில்லை.

மசாயோ ஞாயிறுதோறும் போனில் விசாரிப்பாள். தூங்குகிறார் என்பேன். பொய் இல்லை.

மார்ச் எட்டாம் தேதி காலையில் அவர் தண்ணி கேட்கவில்லை. மசாயோ வந்ததும், இறந்தவர் உதட்டை வீட்டார் ஒவ்வொருவராக நனைக்கும் கடைசித் தண்ணீருக்குத் தூரிகையும் கிண்ணமும் எடுத்துவைத்தேன். அவள்தான் முதலில் அவர் உதட்டை நனைத்தாள். காகிதத்தில் தேய்ப்பதுபோல் சத்தம் வந்தது. தண்ணீர் வழியவில்லை, உள்ளே போனது. மறுபடி நனைத்தாள். மறுபடியும். ஏழெட்டு முறைக்குப் பிறகு தூரிகையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு நீ என்ன குடுத்துக்கிட்டிருந்தே?"

இப்போது உங்களிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன். அடுத்து என் முறை. நான் நனைக்கவில்லை. நாள் வரவில்லையே.

டாக்டரின் அறிக்கை கிடைத்து நீங்கள் வருவதற்குள் இருபதாம் தேதி வந்துவிட்டது. பகலும் இரவும் சமமான நாள். பனிவிளிம்புக்குப் பாசி நிறையத் தண்ணீர் விட்டேன். பாசி குடிக்கும்போது தொண்டையில் இறங்குவதுபோல் ஒரு சத்தம். அது இன்னும் நிற்கவில்லை. சற்றுமுன் நீங்கள் இந்தத் தேநீரை ஊற்றியபோதும் கேட்டது. அதனால்தான் ஆறும்வரை வைத்திருந்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீரை நிறுத்தியது நான்தான், வேறு யாரும் இல்லை. ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. பன்னிரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. செடி பொறுத்தது. அவர்தான் பொறுக்கவில்லை.